தானே அணைந்து தானே எழும் கணினி

வீட்டிலுள்ள ஒரு பொருள் முற்றாகப் பழுதாகிவிடுமாயின், அதனால் வரும் கவலை ஒருவகையில் எளிய கவலையே. திருத்துவோரிடம் கொடுக்கின்றோம், அல்லது வேறொன்று வாங்குகின்றோம். ஆனால், இன்று ஒழுங்காக வேலை செய்து, நாளை காரணமின்றி நின்று, ஐந்து நிமிடத்தின் பின் ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் ஓடும் பொருள் ஒன்று இருக்கின்றதே, அதுதான் வீட்டாரின் பொறுமையையும் பணத்தையும் ஒருங்கே விழுங்குவது. திருத்துவோரிடம் கொண்டுபோனால் அங்கே அது பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிரவே தன் பழைய குணத்தைக் காட்டும்.

பிள்ளைகள் விளையாடுவதற்கென வாங்கப்படும் கணினிகளுக்கு இந்நோய் அடிக்கடி வருகின்றது. ஆட்டத்தின் உச்சக்கட்டத்திலே திரை திடீரென இருண்டுவிடும். விசிறிகள் ஒரு கணம் ஓய்ந்து மறுபடி சுழலும். பின்னர் தயாரித்த கம்பெனியின் சின்னம் திரையிலே தோன்றும். கணினி தானாகவே அணைந்து தானாகவே எழுந்துவிட்டது! "இரவு பகலாக விளையாடி அதைப் பழுதாக்கிவிட்டாய்" என்கின்றார் தகப்பனார். "கிராபிக்ஸ் அட்டை போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கின்றான் மகன். ஒருவர் கூற்றுக்கும் சான்று இல்லை. ஆயினும் இரண்டாவது கூற்றை நம்பினால் பெருந்தொகை செலவாகும். 2022 ஆம் ஆண்டிலே எமது ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்றின் விலை பல குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானத்துக்கும் மேற்பட்டதாகிவிட்டது. விளையாட்டுக் கணினி என்று பெயரேயொழிய, அதே கணினியிலேதான் பிள்ளை பாடசாலைச் செயற்றிட்டத்தையும் செய்கின்றது, படம் வரைகின்றது, நிரல் எழுதப் பழகுகின்றது. ஆகவே இதை வெறும் விளையாட்டுக் காரியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்த நோயை 'எழுமாறாக' நிகழும் மறுதொடக்கம் என்பர். எழுமாறு என்றால் ஒழுங்கு எதுவும் இன்றி நிகழ்வது என்பதைக் கணிதம் படிக்கும் மாணவர் அறிவர். ஆனால் கணினியின் இச்செய்கை உண்மையில் எழுமாறானதன்று. நாம் குறித்துவைக்காத காரணத்தினால் அதன் ஒழுங்கு எமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

'மின்சாரம் நலம்'

கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்வது பெரும்பாலும் அதன் பலவீனமன்று, அதன் தற்காப்பு.

கணினிப் பெட்டியின் ஒரு மூலையிலே, இரும்புக் கூட்டினுள் அடங்கிய மின்வழங்கி ஒன்று உண்டு. கடைக்காரர் இதனைப் 'பவர் சப்ளை' என்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்சாரத்தை வாங்கி, கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது இதன் கடமை. பொத்தானை அழுத்திய கணமே புரொசெசர் வேலை தொடங்கிவிடுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அப்படியன்று. மின்வழங்கி முதலில் தன் வோல்ற்றளவுகள் யாவும் நிலைபெற்றனவா என்று தானே பார்த்துக்கொள்கின்றது. நிலைபெற்ற பின், செக்கனின் பத்திலொரு பங்கு முதல் அரைச் செக்கன் வரை பொறுத்திருந்து, தாய்ப்பலகைக்குத் தனிக் கம்பி ஒன்றின் வழியாக 5 வோல்ற்றுச் சைகை ஒன்றை அனுப்புகின்றது. 'மின்சாரம் நலம்' என்பதே அச்சைகையின் பொருள். அது வந்து சேரும்வரை புரொசெசர் கட்டுண்டு நிற்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அச்சைகை ஒரு கணம் அற்றுப்போனாலும், புரொசெசர் அக்கணமே மீண்டும் கட்டுண்டுவிடும். சைகை திரும்பியதும் ஆதியிலிருந்து தொடங்கும். நாம் காணும் மறுதொடக்கங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு நிகழ்பவையே.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வோல்ற்றளவு தாழ்ந்த நிலையிலே புரொசெசர் கணக்கைப் பிழையாகச் செய்யும். பிழையான விடையைத் தட்டிலே எழுதியும்விடும். தவறான கணக்கை எழுதுவதிலும் கொப்பியை மூடிவிடுவது மேல் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. 1981 ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதலாவது தனியாள் கணினியிலேயே இந்தச் சைகைக் கம்பி இருந்தது.

கணினி அணைந்து தானே எழுகின்றதா, அன்றி அணைந்தபடியே கிடக்கின்றதா என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. சுவர் ஆளியை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டால் மாத்திரமே உயிர்பெறுமாயின், மின்வழங்கி மிகையோட்டத்தைக் கண்டு தன்னைப் பூட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

விளையாடும்போது மட்டும் ஏன்?

"கட்டுரை எழுதும்போது மூன்று மணிநேரம் சும்மா ஓடுகின்றது, விளையாடத் தொடங்கினால் அணைகின்றது. ஆகவே விளையாட்டிலேதான் பிழை" என்பது பெற்றார் பலரின் முடிவு. முதற்பாதி உண்மையான அவதானம். இரண்டாம் பாதி அவசரத் தீர்ப்பு.

மேலே சொன்ன 1981 ஆம் ஆண்டுக் கணினியின் மின்வழங்கி தரக்கூடிய வலு முழுவதும் 63.5 வாற்று மாத்திரமே. 2020 ஆம் ஆண்டிலே என்விடியா கம்பெனி வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3090 என்னும் கிராபிக்ஸ் அட்டை ஒன்றுக்கே 350 வாற்று வேண்டும். 2022 இல் வந்த 4090 இற்கு 450 வாற்று. 2025 இல் வந்த 5090 இற்கு 575 வாற்று. பௌதிகம் படிக்கும் மாணவர் இதை வகுத்துப் பார்க்கட்டும்: 450 வாற்றை 12 வோல்ற்றிலே கொடுப்பதாயின் ஓடும் மின்னோட்டம் 37.5 அம்பியர்! அத்தனையும் சில மெல்லிய கம்பிகள் வழியாகச் செல்ல வேண்டும். கட்டுரை எழுதும்போது இந்த அட்டை உறங்கிக்கொண்டிருக்கின்றது. விளையாட்டிலே ஒரு வெடிப்புக் காட்சி வந்ததும் துள்ளி எழுகின்றது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மேற்சொன்ன வாற்றுக் கணக்குகள் சராசரிகள். ஒரு குடும்பத்தின் செலவை ஆண்டுக் கணக்கிலே பார்த்தால் சம்பளத்துக்குள் அடங்கியிருக்கும். தைப்பொங்கல் வாரத்திலும் பாடசாலை தொடங்கும் வாரத்திலும் பார்த்தால் அடங்காது. கிராபிக்ஸ் அட்டையும் அத்தகையதே. செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்குத் தன் குறிப்பளவைப் பெரிதும் கடந்து வலுவை இழுத்துவிடும். 2020 ஆம் ஆண்டின் பெரிய அட்டைகள் வந்தபோது, தாளிலே போதுமான வாற்று எழுதப்பட்டிருந்த மின்வழங்கிகளும் இந்தத் திடீர் இழுப்பைத் தாங்காமல் அணைந்தன. அதன் பின்னர், 2022 ஆம் ஆண்டிலே இன்ரெல் கம்பெனி வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் நியமம், இத்தகைய அட்டைகளுக்கான மின்வழங்கிகள் தம் குறிப்பளவின் இருமடங்கை 100 மைக்ரோசெக்கன் நேரத்துக்குத் தாங்குதல் வேண்டும் என்று விதித்தது. பழைய மின்வழங்கியை வைத்துக்கொண்டு புதிய அட்டையை மாத்திரம் வாங்கிப் பூட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒரு சதமேனும் செலவில்லாத சோதனை ஒன்று இங்கே உண்டு. அட்டையின் வலு எல்லையை எழுபது சதவீதமாகக் குறைத்துவிடும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, எம்.எஸ்.ஐ. ஆப்டர்பேர்னர் என்பது அவற்றுள் பலரும் அறிந்தது. அப்படிக் குறைத்துவிட்டு அதே விளையாட்டை, அதே காட்சியை, அதே நேரம் ஆடிப் பார்க்கலாம். அணைவது நின்றுவிட்டால் சந்தேகம் மின்வழங்கியின் பக்கமும் அதன் கம்பிகளின் பக்கமும் சாய்கின்றது. இது தீர்ப்பன்று, எந்தத் திசையிலே தேட வேண்டும் என்பதற்குக் கிடைத்த குறிப்பு. அடுத்தபடியாகப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, அட்டைக்குச் செல்லும் மின்கம்பிகளைப் பார்க்கலாம். எட்டு ஊசிகள் கொண்ட இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாற்றுக்கென வகுக்கப்பட்டது. அட்டையிலே அத்தகைய இணைப்புகள் இரண்டு இருந்தால், மின்வழங்கியிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகள் வருவதே முறை. ஒரே கம்பியின் நுனியிலே தொங்கும் இரட்டை முனைகளை இரண்டிலும் சொருகிவிடுவது பலர் செய்யும் சோம்பல் வேலை.

கணினியின் நாட்குறிப்பு

விண்டோஸ் என்னும் இயக்க முறைமை தன் நாட்குறிப்பை இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கின்றது. தேடும் இடத்திலே 'ஈவன்ற் வியூவர்' என்று எழுதினால் அந்நாட்குறிப்பு திறக்கும். அதிலே 'சிஸ்ரம்' என்னும் பகுதியிற் சென்று, கணினி அணைந்த நேரத்தைத் தேடினால், சிவப்புக் குறியுடன் 'கேர்னல் பவர்' என்னும் பெயரும் 41 என்னும் இலக்கமும் பெரும்பாலும் காணப்படும்.

இதைக் கண்டதும் பலர் ஏமாறுகின்றனர். 'பவர்' என்னும் சொல்லைப் பார்த்துப் புதிய மின்வழங்கி வாங்க ஓடுகின்றனர். உண்மையில் அந்தக் குறிப்பு கணினி மறுபடி எழுந்த பின் எழுதப்படுவது. "சென்ற முறை நான் முறைப்படி விடைபெறவில்லை" என்பதே அது கூறும் செய்தி. ஓடும் கணினியின் பிளக்கைக் கையால் இழுத்தாலும் இதே 41 தான் எழுதப்படும். மரணச் சான்றிதழிலே "இறந்தார்" என்று மாத்திரம் எழுதி வைத்தாற்போன்றது இது.

ஆயினும் அந்தக் குறிப்பின் உள்ளே விபரம் ஒன்று உண்டு. விபரப் பகுதியைத் திறந்தால் 'பக்செக் கோட்' என்று ஓர் எண் இருக்கும். அது சுழியமாயின், விண்டோஸுக்குத் தன் துன்பத்தை எழுதிவைக்கவும் அவகாசம் கிடைக்கவில்லை என்பது பொருள். மின்சாரம், மின்வழங்கி, எல்லை மீறிய உஷ்ணம் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். சுழியம் அல்லாத வேறெண் இருந்தால், நீலத்திரை ஒன்று தோன்றி மறைந்திருக்கின்றது. மென்பொருளோ, நினைவகமோ, வேறோர் உறுப்போ பிழைத்திருக்கின்றது. 'டபிள்யூ. எச். ஈ. ஏ. லொகர்' என்னும் பெயரிலே 18 என்ற இலக்கம் காணப்படின், வன்பொருளிலே பாரிய தவறு நேர்ந்ததாகப் புரொசெசரே முறையிட்டிருக்கின்றது எனக் கொள்ளலாம்.

நீலத்திரை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மறைந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. அத்தகைய பிழை வந்ததும் தானே மறுபடி தொடங்குமாறு விண்டோஸுக்குக் கட்டளை இடப்பட்டிருக்கின்றது. 'அட்வான்ஸ்ட் சிஸ்ரம் செற்றிங்ஸ்' என்னும் இடத்திலே, 'ஸ்ராட்டப் அன்ட் ரிக்கவரி' என்பதன் கீழ் உள்ள 'ஓட்டோமற்றிக்கலி ரீஸ்ராட்' என்ற சிறு சதுரத்தின் குறியை நீக்கிவிட்டால் திரை நிலைத்து நிற்கும். அதிலுள்ள எழுத்துகளைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளிலே, 2025 முதல், இந்தத் திரை நீலமன்று, கறுப்பு. குறியை நீக்கிய பின்னரும் எவ்வித எழுத்துமின்றித் திரை இருளுமாயின், மென்பொருளின் மீதுள்ள சந்தேகம் பெரிதும் குறைந்துவிடுகின்றது.

ஒரு கொப்பியும் ஒரு கிணற்று மோட்டரும்

யாழ்ப்பாணத்திலே எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுவோம். மகன் உயர்தர வகுப்பு மாணவன். வெளிநாட்டிலுள்ள மாமனார் அனுப்பிய பணத்தில் கிராபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்கிப் பழைய கணினியிலே பூட்டினான். மூன்று மாதம் கழிந்து நோய் தொடங்கியது. பார்த்த திருத்துநர் ஒருவர், அட்டை போய்விட்டதென்றும் புதிதாக ஒன்று போட வேண்டுமென்றும் சொன்னார். தாயார் தம் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசித்தார். தகப்பனாரோ, சனியன் தொலையட்டும், விற்றுவிடுவோம் என்றார்.

அவ்வேளை கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்திலே படிக்கும் தமக்கை விடுமுறையில் வந்திருந்தாள். அவள் கணினியைத் தொடவில்லை. அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, மேசையருகே தொங்கவிட்டாள். திகதி, நேரம், என்ன விளையாட்டு, தொடங்கி எத்தனை நிமிடம், அப்போது வீட்டிலே வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது — இவ்வளவையும் எழுத வேண்டும் என்பது அவள் கட்டளை. பன்னிரண்டு நாளிலே ஒன்பது பதிவுகள் சேர்ந்தன. உஷ்ணமாயிருக்கலாம் என்பதே தம்பியின் ஊகம். ஆனால் ஒரு முறை, விளையாடத் தொடங்கி நான்கே நிமிடத்தில் அணைந்திருந்தது. அதற்குள் கணினி சூடேறியிராது. ஒன்பது முறையும் நாட்குறிப்பிலே 41, சுழியம். ஒன்பதில் ஏழு, மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்.

கொப்பியைப் பார்த்த தாயார், "அந்த நேரம் நான்தானே மோட்டர் போடுறனான்" என்றார்.

அன்றே சோதித்தார்கள். விளையாட்டு ஓடும்போது கிணற்று மோட்டரைப் போட்டால், மூன்று முறையில் இரு முறை கணினி அணைந்தது. கட்டுரை எழுதும்போது மோட்டரைப் போட்டால் ஒன்றும் நேரவில்லை. காரணம் விளங்கிவிட்டது. மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்திலே, ஓடும்போது வாங்குவதைப் பார்க்கிலும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு விளக்குகள் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அக்குறைவைக் கடந்துசெல்ல மின்வழங்கி தன் கொள்ளளவியில் சிறிது சக்தியைச் சேமித்து வைத்திருக்கின்றது. முழுச் சுமையில் அது ஏறக்குறைய 16 மில்லிசெக்கனுக்குத்தான் போதும். எமது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று 20 மில்லிசெக்கன் என்பதை நினைத்தால் அது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். இலேசான வேலையின்போது அச்சேமிப்பு நெடுநேரம் வரும். விளையாட்டின்போது விரைவிலே தீர்ந்துவிடும். கொள்ளளவி முதுமையடைந்தால் சேமிப்பே குறைந்துவிடும். அந்த வீட்டுக் கணினியிலிருந்த மின்வழங்கிக்கு வயது ஒன்பது! புதிய மின்வழங்கி ஒன்றை, திருத்துநர் சொன்ன அட்டையின் விலையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு வாங்கிப் பூட்டினார்கள். மற்ற இரண்டு பதிவுகளுக்கும் எது காரணம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவையும் பின்னர் நிகழவில்லை. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

உஷ்ணமும் தூசியும்

உஷ்ணத்தை எல்லோரும் முதலிற் சந்தேகிக்கின்றனர். அது நியாயமே, எமது நாட்டிலே அறையின் வெப்பநிலையே பெரும்பாலும் 30 பாகை செல்சியஸ். ஆயினும் இக்காலப் புரொசெசர்கள் 95 அல்லது 100 பாகையை அணுகியதும் முதலிலே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு தடுமாறித் தடுமாறி ஓடும். அதற்கும் மேலே சென்றாற்றான் அணைந்துவிடும். உஷ்ணத்தினால் அணையும் கணினி, தொடங்கிச் சிறிது நேரம் கழித்து அணையும். உடனே மறுபடி தொடங்கினால் முன்னதிலும் விரைவில் அணையும். காட்சி மாறும் கணத்திலே சடுதியாக அணைவது உஷ்ணத்தின் குணமன்று.

தூசியைத் துடைப்பதற்குக் காய்ந்த மெல்லிய தூரிகை போதும். காற்றூதும்போது விசிறியின் இதழைச் சுழலவிடாமல் விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லி முட்டைகளையும் எறும்புப் புற்றையும் கண்டு திகைக்க வேண்டாம். எமது ஊர்க் கணினிகளுக்கு அவையும் குடியிருப்பாளரே.

பொய்ச்சாட்சி

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். கடையிலே வாங்கும் நினைவகத் தகடுகளின் பெட்டியில் எழுதப்பட்டுள்ள வேகம், பெரும்பாலும் எக்ஸ். எம். பீ. அல்லது எக்ஸ்போ என்னும் ஏற்பாட்டைப் 'பயாஸ்' பகுதியிலே இயக்கினால் கிடைப்பது. அது எல்லாத் தாய்ப்பலகைகளுக்கும் ஒத்துவரும் என்ற உறுதி இல்லை. அதை நிறுத்தி, ஆறுதலான வேகத்திலே சில நாள் ஓட்டிப் பார்ப்பது மற்றொரு செலவில்லாச் சோதனை. 'மெம்ரெஸ்ற்86' என்னும் பரிசோதனையை ஓரிரவு ஓடவிடலாம். அதிலே ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழையே. "ஆயிரத்திலொன்றுதானே" என்று மன்னிக்கக் கூடாது.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துணிக்கைகளும் நினைவகத்தின் ஓர் எண்ணை மாற்றிவிடக்கூடும் என்பது உண்மை. 2003 ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்னுமிடத்திலே நடந்த தேர்தலில், ஒரு வேட்பாளருக்கு மேலதிகமாக 4096 வாக்குகள் விழுந்ததாக யந்திரம் காட்டிற்று. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் வலு. அதாவது ஒரே ஒரு துவித இலக்கம் புரண்டிருக்கின்றது. பழியை அக்கதிர்களின் மேலேயே போட்டார்கள். ஆனால் நாளொன்றுக்கு மூன்று முறை அணையும் கணினிக்காக அண்டவெளியைக் குற்றஞ்சாட்டுவது அழகன்று.

இவற்றினும் விசித்திரமானது அண்மையில் உலகமெங்கும் விளையாடுவோரை அலைக்கழித்த ஒரு வழக்கு. இன்ரெல் கம்பெனியின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசெசர்கள் முறையே 2022 இலும் 2023 இலும் வெளிவந்தன. அவற்றுள் வலுக்கூடியவற்றை வைத்திருந்தோர் பலரின் விளையாட்டுகள் இடையிலே சரிந்தன. சில கணினிகள் அணைந்தெழுந்தன. சரிந்தபோது திரையிலே தோன்றிய செய்தியோ பல சமயங்களில் "கிராபிக்ஸ் நினைவகம் போதாது" என்பது! நிறைய நினைவகம் உள்ள அட்டையை வைத்திருந்தவரும் இதையே கண்டனர். பலர் அட்டையை மாற்றினர், பயனில்லை. குற்றவாளி புரொசெசர். அதனுள்ளே உள்ள நுண்கட்டளைகளின் பிழையினால், அது தனக்கு வேண்டியதிலும் கூடிய வோல்ற்றளவைக் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்தது. 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கம்பெனி இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே திருத்திய நுண்கட்டளைகளை வெளியிட்டதோடு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டிற்று. அத்திருத்தம் 'பயாஸ்' புதுப்பித்தல் மூலமே கணினிக்கு வருகின்றது. இனிமேல் வரும் தேய்வை அது தடுக்கும். முன்னரே தேய்ந்துபோன புரொசெசரைக் குணப்படுத்தாது. எமது நாட்டிலே அத்தலைமுறைப் புரொசெசர்களை வைத்திருப்போர், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் தாய்ப்பலகையின் 'பயாஸ்' எக்காலத்தது என்று ஒருமுறை பார்ப்பது அவசியம். ஆனால் மின்வெட்டு வரக்கூடிய வேளையில் அதைப் புதுப்பிக்கத் தொடங்கவேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே பேசாமடந்தையாகிவிடும்.

யூ. பீ. எஸ். வாங்குவோருக்கு

மின்வெட்டுக்கும் மின்தாழ்வுக்கும் யூ. பீ. எஸ். பெட்டி நல்ல காவல். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்த காரணத்தினால் இலங்கை முழுவதுமே இருண்டதை யாவரும் அறிவர். அத்தகைய நாளிலே எழுதியதைச் சேமித்து முறைப்படி அணைப்பதற்கு அது அவகாசம் தரும். ஆனால் மலிவான பெட்டிகள் சில, மின்கலத்துக்கு மாறியதும் இயல்பான சைன் அலைக்குப் பதிலாகப் படிப்படியான அலையைத் தருகின்றன. இக்கால மின்வழங்கிகளுட் சில அவ்வலையை ஏற்காமல் அணைந்துவிடும். காவலுக்கு வைத்த பெட்டியே கணினியை அணைக்கும் வேடிக்கையை இப்படித்தான் சில வீடுகளிற் காண்கின்றோம். வாங்குமுன் தூய சைன் அலையா என்று கேட்கவேண்டும். எத்தனை வாற்று என்றும் கேட்கவேண்டும். பெட்டியின் முகப்பிலே பெரிதாக எழுதியிருக்கும் 'வீ. ஏ.' எண் வாற்று அன்று. வாற்று அதனிலும் குறைவாயிருக்கும்.

பழைய அட்டைகளை மலிவாக வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஈதரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதனை 'அகழ்வதற்காக' இரவுபகலாக ஓடிய அட்டைகள் பெருந்தொகையாக இரண்டாங்கைச் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல. ஆயினும் வாங்குமுன் விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் கடினமான விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திறக்கக் கூடாத பெட்டி

மாணவர்கள் ஆர்வமிகுதியால் எதையும் கழற்றிப் பார்ப்பர். அது நல்ல குணமே. கணினிப் பெட்டியைத் திறக்கலாம். ஆனால் மின்வழங்கியின் இரும்புக் கூட்டை ஒருபோதும் திறக்கக் கூடாது. அதனுள்ளே உள்ள பெரிய கொள்ளளவியில் 300 முதல் 400 வோல்ற்று வரை தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது காலம் அங்கே இருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். கெட்டுப்போன மின்வழங்கியை முழுமையாக மாற்றுவதே முறை. மாற்றும்போது பழைய மின்வழங்கியின் கம்பிகளைப் புதியதிலே சொருகக் கூடாது. முனைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே ஊசிகளின் ஒழுங்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒரு கணத்தில் தட்டுகள் எரிந்து, அதிலுள்ள படங்களும் பாடக்குறிப்புகளும் போய்விடும்.

சோதனைகளைச் செய்யும்போது ஒரு முறைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். வலு எல்லையைக் குறைத்து, நினைவக வேகத்தையும் குறைத்து, பிளக்கையும் மாற்றி, தூசியையும் ஒரே நாளிலே துடைத்துவிட்டால், நோய் நின்றாலும் எதனால் நின்றதென்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் பொருட்படுத்தாத மற்றொன்று, சுவரிலுள்ள பிளக் பொயின்ற். தளர்ந்த 'மல்டி பிளக்' ஒன்றிலே கணினி, திரை, மேசை விசிறி, தொலைபேசிச் சார்ச்சர் எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தால், முதல் வேலையாகக் கணினியை நேரே சுவரிலே சொருகிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் நோய் தீராவிட்டால் திருத்துவோரிடம் கொண்டுசெல்லத்தான் வேண்டும். செல்லும்போது கணினியை மாத்திரம் கொண்டுசெல்லாமல், கொப்பியையும், நாட்குறிப்பிலே கண்ட எண்களின் படத்தையும், அணையும் அந்த விளையாட்டின் பெயரையும் கொண்டுசெல்லுங்கள். "எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்கின்றீர்களோ, அதே போன்ற வேறொன்றை ஒரு நாளைக்குப் பூட்டி ஓட்டிக் காட்டுங்கள், பிறகு வாங்குகின்றோம்" என்று சொல்லுங்கள். நேர்மையான திருத்துநர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.